நாற்காலி மசோதா

செப்டம்பர் 7, செவ்வாய்

இன்று கடையில் நான் பேசியது மொத்தம் ஆறு சொற்கள். "இருக்கு" நான்கு முறை, "இல்ல" இரண்டு முறை. நேற்றைவிட ஒன்று கூடுதல்.

என் பெயர் காளீஸ்வரி. பெயரைக் கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பவர்கள், வேறு யாரோ வரப்போகிறார்கள் என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். வயது பதினெட்டு. பத்தாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் நிறுத்தினேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். அடுத்த வாரம் வகுப்பின் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருந்ததும் உண்மைதான்.

அருப்புக்கோட்டையில் அன்னபாக்கியம் டெக்ஸ்டைல்ஸ், இரண்டாவது மாடி, காட்டன் சேலைப் பிரிவு. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பதுக்கு நின்று முடிப்போம். முதலாளிக்கு ஒரு நாற்காலி, கல்லாவில் ஒன்று, பட்டு வாங்க வருகிறவர்களுக்குக் கீழ்த்தளத்தில் முக்காலிகள். எங்கள் மாடியில் வாங்குகிறவர்களும் நிற்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் வாங்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்களுக்கு உட்கார ஒரே வழி குண்டூசி. சேலை மடிப்பைப் பிரிக்கும்போது ஊசி கீழே விழுந்தால் உடனே தேடி எடுக்கவேண்டும் என்பது கடையின் விதி. யார் காலிலாவது குத்திவிடும் அல்லவா. ஆகவே கால் தாங்காதபோது ஒருத்தி "ஊசி விழுந்துருச்சு" என்று சொல்லிவிட்டுக் கவுண்டருக்குக் கீழே குந்திவிடுவாள். இரண்டு நிமிடம் தேடலாம். மூன்று நிமிடம் தேடினால் எங்கள் மாடியின் சூப்பர்வைசர் தவமணி சார் வந்து, அவரும் சேர்ந்து தேடுவார்.

தவமணி சார் செய்தித்தாளில் ராசிபலன் மட்டும் படித்துவிட்டு மீதியை அட்டைப்பெட்டிக்கு அடியில் விரிக்கக் கொடுத்துவிடுவார். விரிப்பதற்கு முன்னால் நான் படித்துவிடுவேன். இன்று உள்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு செய்தி. கடைகளில் வேலை செய்பவர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறார்களாம். அவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டசபையில் மசோதா கொண்டுவந்திருக்கிறார்களாம்.

நான் அதை மூன்று முறை படித்தேன். பிறகு செண்பகவல்லி அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, ஆடித் தள்ளுபடியா?" என்றாள்.

செப்டம்பர் 8, புதன்

செண்பகவல்லி அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் பிரிவில் அக்காவும் நானும்தான். அக்கா பேசுவாள், நான் சேலையை விரிப்பேன். "இந்த மாம்பழக் கலர் உங்களுக்குன்னே நெய்ததும்மா" என்று அக்கா சொல்லும்போது நான் மாம்பழக் கலரை உதறி விரித்துவிட்டால் போதும். இரண்டு வருடமாக இப்படியே ஓடிவிட்டது.

அக்காவின் கால்களில் நரம்பு சுருண்டு சுருண்டு நிற்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் செருப்புக்குள் கால் நுழையாது. மணிக்குப் பத்து நிமிடமாவது உட்காராவிட்டால் வேலையை விட்டுவிடச் சொல்லி பெரியாஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "நீ எதுக்கு நிக்கிற, வீட்டுல உக்காரு" என்று அக்காவின் வீட்டுக்காரர் வைரமணி அண்ணனும் தினமும் சொல்கிறாராம்.

அக்கா போய்விட்டால் வாடிக்கையாளர்களிடம் நான் பேசவேண்டியிருக்கும். இந்த மசோதாவில் எனக்கு அக்கறை வந்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா எல்லாருக்கும் முன்னால், "இங்க பாருங்கடி, காளி பத்தாப்பு வர படிச்ச புள்ள. மசோதா எங்க இருக்கு, என்ன செய்யுதுன்னு இனிமே அவதான் பாத்துச் சொல்லணும்" என்றாள். சுரிதார் பிரிவு ரெஜினா அக்கா, "அவ சொல்லி நாம கேட்டு... மசோதாவே நேர்ல வந்துரும்" என்றாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டம் போட்டேன். தாக்கல். நிறைவேற்றம். ஆளுநர் ஒப்புதல். அரசிதழ். எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் பாடத்தில் படித்தது. முதல் கட்டத்தில் ஒரு டிக்.

செப்டம்பர் 10, வெள்ளி

விநாயகர் சதுர்த்தி. கடையில் பிள்ளையார் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 11, சனி

தவமணி சார் ஒரு காந்தம் வாங்கி, ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். "ஊசி விழுந்துருச்சு" என்ற சத்தம் கேட்டவுடன் ஓடி வந்து தரையில் ஒரு இழு இழுப்பார். "கெடச்சிருச்சு. எந்திரி."

காலையிலிருந்து ஒருத்தியும் பத்து விநாடிக்குமேல் குந்தவில்லை. மூன்று மணிக்கு ரெஜினா அக்கா, "சார், பட்டன் விழுந்துருச்சு" என்று உட்கார்ந்தாள். சார் கம்போடு வந்தார். "பிளாஸ்டிக் பட்டன் சார்" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. சார் கம்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், போய்விட்டார். ரெஜினா அக்கா நான்கு நிமிடம் தேடினாள்.

செண்பகவல்லி அக்காவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. விழாத பட்டனை விழுந்தது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ஊசியைக்கூட உண்மையாகவே கீழே போட்டுவிட்டுத்தான் சொல்லுவாள்.

செப்டம்பர் 14, செவ்வாய்

இன்று நடந்தது முழுக்க என் தப்பு.

செய்தித்தாளில் மசோதா நிறைவேறிவிட்டது என்று போட்டிருந்தார்கள். ரெஜினா அக்காவிடம் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவள் விரலை மட்டும் படித்துவிட்டு மாடி முழுக்கக் கேட்கும்படி, "சட்டம் வந்துருச்சு, எல்லாரும் உக்காருங்கடி" என்றாள்.

இன்னும் இரண்டு கட்டம் பாக்கி இருக்கிறது என்று சொன்னேன். மனதுக்குள்.

இருபத்திரண்டு பேரும் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்கள். மாடியில் ஒரு தலைகூடத் தெரியவில்லை. நான் மட்டும் நின்றேன். பிறகு, நிற்பது நான் ஒருத்திதான் என்பது வெட்கமாக இருந்ததால் நானும் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி, கமுதியிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வந்த பதினான்கு பேரை அழைத்துக்கொண்டு படியேறி வந்தார். "எங்ககிட்ட ஆள் பலம் ஜாஸ்திங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வெறும் மாடியைப் பார்த்து நின்றுவிட்டார். காற்றாடிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் அம்மா கவுண்டரை நெருங்கியதும், பழக்க தோஷத்தில் கீழேயிருந்து செண்பகவல்லி அக்காவின் குரல் வந்தது. "வாங்கம்மா, என்ன பாக்கணும்?"

அந்த அம்மாவுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியதாகிவிட்டது.

தவமணி சார் கம்போடு ஓடிவந்தார். "எல்லாருக்குமா ஊசி விழுந்துச்சு?"

"சட்டம் வந்துருச்சு சார்" என்றாள் ரெஜினா அக்கா.

சார் செய்தித்தாளை வாங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக ராசிபலன் இல்லாத பக்கத்தைப் படித்தார். "சபையில நிறைவேறிருக்கு. ஒப்புதல் இருக்கு, அரசிதழ் இருக்கு. அதுவரைக்கும் நிக்கணும்" என்றார். நான் போட்ட கட்டங்களைப் பார்த்து எழுதிக்கொண்டவர் போலச் சொன்னார்.

முதலாளி கேட்டார். "இந்தப் பேப்பரப் படிச்சுச் சொன்னது யாரு?"

நான் கையில் கிடைத்த சேலையை மடிக்க ஆரம்பித்தேன்.

"நான்தான் முதலாளி படிச்சேன்" என்றாள் செண்பகவல்லி அக்கா.

அக்கா சம்பளப் பதிவேட்டில் கைநாட்டு வைப்பது முதலாளிக்கே தெரியும்.

செப்டம்பர் 15, புதன்

அக்காவை வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். தீபாவளி முடியும்வரை வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்துக் கும்பிட வேண்டும். அங்கே கவுண்டர்கூடக் கிடையாது, சாய்வதற்கு.

நான் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று படியிறங்கினேன். என்ன சொல்வது என்று ஒவ்வொரு படியிலும் ஒரு சொல்லாகச் சேர்த்துக்கொண்டு போனேன். வாசலுக்குப் போனதும் அக்கா என் தலையில் பன்னீரைத் தெளித்து, "வாங்க வாங்க" என்றாள். சேர்த்ததெல்லாம் போய்விட்டது.

செப்டம்பர் 18, சனி

தனியாக நான்காவது நாள். கொரோனாவுக்காக முகக்கவசம் இன்னும் கட்டாயமாக இருப்பது எனக்கு வசதி. வாய் அசைகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

இன்று பந்தல்குடியிலிருந்து வந்த ஒரு பெரியம்மா என்னிடம் விலை கேட்டார். விரலால் காட்டினேன். வேறு கலர் கேட்டார். தலையாட்டினேன். அவர் சட்டென்று முகம் மாறி, அதற்குப்பிறகு தானும் கையாலேயே பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பேச்சு வராது என்று நினைத்துவிட்டார். பார்டர் அகலம் வேண்டாம் என்பதை இரண்டு கையாலும், மருமகளுக்கு என்பதைக் கழுத்தில் தாலியைக் காட்டியும், மருமகள் குண்டு என்பதைக் கன்னத்தை உப்பியும் சொன்னார். நான்கு சேலை எடுத்தார். எங்கள் பிரிவில் இந்த மாதம் இவ்வளவு சுமுகமாக ஒரு வியாபாரம் நடந்ததில்லை.

போகும்போது என் கன்னத்தைத் தடவிக் கண் கலங்கினார். "போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தை மறக்கவே முடியாது.

செப்டம்பர் 27, திங்கள்

காலையில் கையெழுத்துப் போடும் இடத்தில் எல்லாரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி மசோதாதான்.

"எங்க நிக்குது காளி?"

மூன்றாவது கட்டத்தைக் காட்டினேன்.

"ஆளுநர்ட்டயா? அதுவும் நம்மள மாதிரி நின்னுக்கிட்டேதான் இருக்கா" என்றாள் ரெஜினா அக்கா.

பேன்சி பிரிவு சுப்புத்தாய் அக்கா, மாமியாரைப் பற்றி ஏதாவது மசோதா வருகிறதா என்று கேட்டாள். இன்னொருத்தி, அப்பா வீட்டுச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு உண்டாமே, அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேட்டாள். அது முப்பது வருடத்துக்கு முன்பே நான்கு கட்டமும் தாண்டிவிட்டது என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தந்தாள். பிறகு, "எங்கண்ணன் பேப்பரே வாங்குறதில்ல" என்றாள்.

அக்டோபர் 4, திங்கள்

தீபாவளிக்கு முந்தின நாளோடு வேலையை விட்டுவிட வேண்டும் என்று வைரமணி அண்ணன் கெடு வைத்துவிட்டாராம். அக்கா அதைப் பன்னீர் தெளித்துக்கொண்டே சொன்னாள். "வாங்க வாங்க. அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்னு சொல்லிட்டாரு தாயி. வாங்க வாங்க."

"நீங்க போகணும்னு நெனைக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டேன். இது நான் ஒரே மூச்சில் சொன்ன நீளமான வாக்கியம். அக்கா பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"இங்க வந்தாத்தான் தாயி என்னய பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க" என்றாள்.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வரும் வழியில் மருந்துக் கடையில் காலுக்குத் தடவும் தைலம் வாங்கினேன். எங்கள் வீட்டில் யாருக்கும் கால் வலி இல்லை. சும்மா இருக்கட்டும் என்று வாங்கினேன்.

அக்டோபர் 20, புதன்

செய்தித்தாளில் இரண்டு வாரமாக ஒன்றும் இல்லை. பணியாளர் நடைவழியில் தொழிலாளர் அலுவலகத்தின் தொலைபேசி எண் ஒட்டியிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தேன். எடுத்தார்கள். வைத்துவிட்டேன். மறுபடி செய்தேன். வைத்துவிட்டேன். மூன்றாவது முறை வைப்பதற்குக்கூடத் தைரியம் வராமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண் குரல். "யாரும்மா அது, மூணு தடவ போன் போட்டு மூச்சு மட்டும் விடுறது?"

"நாற்காலி" என்றேன்.

 "ஓ. கடைச் சட்டமா? அது அரசிதழ்லயே வந்துருச்சும்மா. அமலுக்கு வந்தாச்சு. உங்க கடையில நாற்காலி போட்டாங்களா?"

நான் பேசவில்லை.

"போடலன்னா ஒரு தடவ இருமு."

இருமினேன்.

"எந்தக் கடை?"

அதை இருமிக் காட்ட வழியில்லை. நன்றி சொல்லாமல் வைத்துவிட்டேன். நாளை நன்றி சொல்லலாம் என்று நினைத்தால், மறுபடியும் போன் செய்யவேண்டுமே.

நான்கு கட்டத்திலும் டிக்.

அக்டோபர் 22, வெள்ளி

வெள்ளிக்கிழமைதோறும் காலையில் முதலாளி லட்சுமி படத்துக்குச் சாம்பிராணி போட்டுவிட்டு, புதுச் சரக்கிலிருந்து ஒரு சேலையைத் தன் கையால் விரிப்பார். அன்றைய முதல் விரிப்பு அவருடையது. அந்தச் சேலையை எடுத்துவைப்பது எங்கள் பிரிவின் வேலை, அதாவது இப்போது என் வேலை.

எட்டு மணிக்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய், எனக்கு என்ன வேண்டும் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அரசிதழின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வாங்கினேன். கிளிப்பச்சைச் சேலையின் மூன்றாவது மடிப்பில் வைத்தேன். முதலாளியிடம் நேரில் கொடுக்கலாம்தான். அதற்கு முதலாளி முன்னால் போகவேண்டும்.

சாம்பிராணிப் புகைக்குள் முதலாளி சேலையை உதறினார். காகிதம் பறந்து போய் லட்சுமி படத்தின் காலடியில் விழுந்தது. நான் அப்படி நினைக்கவே இல்லை. கவுண்டரில் விழும் என்றுதான் நினைத்தேன்.

முதலாளி எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "ஒவ்வொரு நிறுவனத்தின் வளாகத்திலும், பணியாளர்கள் அனைவரும் தம் பணியின்போது உட்காரும் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளவும், பணிநேரம் முழுவதும் நின்றுகொண்டேயிருக்கும் நிலையைத் தவிர்க்கவும், தகுந்த இருக்கை வசதி செய்யப்படுதல் வேண்டும்." நிமிர்ந்தார். "இத இங்க வச்சது யாரு?"

 நான் இரும வந்ததை அடக்கிக்கொண்டேன்.

"மில்லுல இருந்து வந்த பண்டல் முதலாளி, நேத்துதான் பிரிச்சோம்" என்றார் தவமணி சார், உண்மையாகவே நம்பி.

"அம்மாவே சொல்றா முதலாளி" என்றாள் ரெஜினா அக்கா. "படத்தப் பாருங்க, அவளே உக்காந்துதான் இருக்கா."

முதலாளி தாமரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மாடிக்கு எத்தன நாற்காலி வேணும் தவமணி?" என்றார்.

அக்டோபர் 24, ஞாயிறு

பன்னிரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் "பணியாளர்" என்று தவமணி சார் கையெழுத்தில் எழுதியிருந்தது. அக்காவை வாசலிலிருந்து மேலே அனுப்பிவிட்டார்கள். அம்மன் உத்தரவு வந்த பிறகு யாரையும் நிற்கவைத்துத் தண்டிக்க முதலாளிக்குப் பயமாம்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். ரெஜினா அக்கா உட்கார்ந்து பார்த்துவிட்டு, "வேலை நேரத்துல உக்காந்தா திருடுறாப்ல இருக்கு" என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் வந்தது. அக்கா சேலை எடுத்துக் காட்ட எழுந்தாள். அந்த வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ராத்திரி வரை அதில் யாராவது ஒரு வீட்டுக்காரர் இருந்தார்.

அக்டோபர் 26, செவ்வாய்

மனைவி சேலை பார்க்கும்போது கணவர் எங்கே உட்காருவார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. அரசிதழை மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். கணவர் என்ற சொல்லே அதில் இல்லை.

பன்னிரண்டு நாற்காலியிலும் பன்னிரண்டு கணவர்கள். சிலர் போன் பார்க்கிறார்கள், சிலர் தூங்குகிறார்கள். ஒருவர், மனைவி எதை எடுத்துக் காட்டினாலும் கண்ணைத் திறக்காமல் "நல்லாருக்கு" என்கிறார். "பணியாளர்" என்று எழுதியிருப்பது சாய்கிற இடத்தில். உட்கார்ந்தால் மறைந்துவிடுகிறது.

எழுந்திருக்கச் சொல்லலாமா என்று அக்கா தவமணி சாரிடம் கேட்டாள். "வாடிக்கையாளர எந்திரின்னு சொன்னா நம்மள எந்திரிக்கச் சொல்லிருவாரு முதலாளி" என்றார் சார்.

அக்டோபர் 28, வியாழன்

இன்று நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள்: கணவர்கள் முப்பத்தொருவர், மாமனார்கள் நால்வர், தூங்கும் குழந்தை ஒன்று, பட்டாசுப் பை ஒன்று. பணியாளர் இல்லை.

அக்டோபர் 31, ஞாயிறு

தீபாவளிக்கு முந்தைய கடைசி ஞாயிறு. படியில் ஏற இடமில்லாத கூட்டம். அக்கா காலையிலிருந்து உட்காரவில்லை. ஐந்து மணி இருக்கும், பேசிக்கொண்டே இருந்த அக்கா பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் வேர்வை. "மூணு நாள்தான தாயி. மூணு நாள் தாண்டிட்டா வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள்.

எங்கள் நாற்காலியில் ஒரு பெருத்த மனிதர், மடியில் மூன்று பைகளோடு மிக்சர் தின்றுகொண்டிருந்தார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"என்னம்மா?"

எனக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் வரவில்லை. முகக்கவசத்தைக் கீழே இறக்கினேன். மனதுக்குள் இருந்தது அந்த அரசிதழ் வரி ஒன்றுதான். "ஒவ்வொரு நிறுவனத்தின் வளாகத்திலும்" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் முடிக்காமல் நிறுத்த எனக்குத் தெரியாது. "பணியாளர்கள் அனைவரும் தம் பணியின்போது உட்காரும் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளவும்..." கண்ணை மூடிக்கொண்டு "வேண்டும்" வரை சொல்லி முடித்தேன்.

அவர் மிக்சரை மென்றுகொண்டே, "அதுக்கு?" என்றார்.

அதற்குமேல் அரசிதழில் ஒன்றும் இல்லை. ஆகவே முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். இந்த முறை பள்ளிக்கூட மைதானத்தில் உறுதிமொழி சொல்கிற குரல் வந்தது. அது யாருடைய குரல் என்று எனக்கே தெரியவில்லை. மாடியில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. "தகுந்த இருக்கை வசதி" என்று வந்தபோது அவர் பைகளைச் சேர்த்துக்கொண்டு எழுந்தார். கண்ணைத் திறந்து பார்த்தால், ஏதோ வாழ்த்துப்பாடல் என்று நினைத்தார்களோ என்னவோ, பன்னிரண்டு கணவர்களும் எழுந்து நின்றார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

நான் அக்காவைப் பிடித்து உட்காரவைத்தேன். பிறகு ட்ரயல் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இருபது நிமிடம் கழித்து ரெஜினா அக்கா தட்டினாள். "வெளிய வாடி. ஒரு அம்மா சுரிதார் போட்டுப் பாக்கணுமாம்."

நவம்பர் 1, திங்கள்

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். வேலை போய்விட்டது என்று நினைத்து டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டே போனேன்.

"நேத்து சத்தம் போட்டது நீயா?" என்றார் முதலாளி. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. "கல்லாவுல இருந்த நானே எந்திரிச்சுட்டேன்" என்றார்.

இன்றிலிருந்து கணவர்களை எழுப்புவது என் பொறுப்பு என்று உத்தரவாகிவிட்டது. அவர்களுக்காகப் படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சு போட்டு, "கணவன்மார் அமரும் இடம்" என்று தவமணி சார் எழுதிவைத்திருக்கிறார். ஆறு பேர் நெருக்கி உட்காரலாம்.

இன்று பதினேழு பேரை எழுப்பினேன். ஒன்பதாவது ஆளுக்குப்பிறகு முழுதும் சொல்லவேண்டியிருக்கவில்லை. "ஒவ்வொரு நிறுவனத்தின்" என்றாலே எழுந்துவிடுகிறார்கள்.

நவம்பர் 3, புதன்

நாளை தீபாவளி. அக்காவின் கடைசி நாள்.

காலையிலிருந்து நான் அக்காவிடம் பேசவில்லை. வழக்கமாகவும் பேசுவதில்லை, ஆனால் இன்று வேண்டுமென்றே பேசவில்லை. தைலம் பையிலேயே இருந்தது. ஒரு மாதமாக இருக்கிறது.

ஆறரை மணிக்கு வைரமணி அண்ணன் வந்தார். எண்ணெய் வைத்துத் தலை சீவி, புதுச் சட்டை போட்டிருந்தார். அக்கா ஒரு கிழவிக்குச் சுங்குடிச் சேலை காட்ட எழுந்திருந்த நேரம். அண்ணன் நேராக வந்து அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதலாளிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லல" என்றாள் அக்கா.

"ஏன்?"

"சொல்லப்போறதில்ல."

"காலப் பாரு, தூண் மாதிரி வீங்கிக் கெடக்கு. ஒனக்கு என்ன தலையெழுத்து? பேசாம வீட்டுல உக்காரு. நான் வேணாம்னா சொல்றேன்?"

அக்கா சுங்குடியை மடித்தாள். நான்கு மடிப்பு மடித்து, ஊசி குத்தி, தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கல்யாணமாகி இருவத்தஞ்சு வருசம் ஆச்சு. அந்த வீட்டுல நான் எப்பங்க உக்காந்தேன்?"

அண்ணன் உண்மையாகவே யோசித்தார். காற்றாடியைப் பார்த்து யோசித்தார். கிழவியும் நானும் காத்திருந்தோம். ரெஜினா அக்கா தன் பிரிவை விட்டுவிட்டு வந்து காத்திருந்தாள்.

"மூத்தவ பொறந்தப்ப..." என்றார் கடைசியில்.

"அது படுத்துக் கெடந்தது" என்றாள் அக்கா.

அண்ணன் மறுபடி காற்றாடியைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

"இங்க பத்து நாளா எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்கு. சட்டத்துலயே எழுதிருக்கு. பொங்கலுக்கும் நான் இங்கதான் இருப்பேன். எந்திரிங்க, ஆள் வராங்க."

நான் வாயைத் திறந்தேன். "ஒவ்வொரு..."

"நீ சும்மா இரு தாயி" என்றாள் அக்கா. "இவருக்கு நான் சொன்னாப் போதும்."

அண்ணன் எழுந்தார். அக்கா உட்கார்ந்தாள். நான் பையிலிருந்து தைலத்தை எடுத்து அக்காவின் மடியில் வைத்துவிட்டு, சேலை அடுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அண்ணன் படிக்கட்டுப் பக்கம் போய் மர பெஞ்சைப் பார்த்தார். அதில் ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை. அவர் தூணில் சாய்ந்து பார்த்தார். ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்று பார்த்தார். கடை மூட இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. அண்ணன் அவ்வளவு நேரமும் நின்றார்.